25,000 டாலர் மானியம்: வகுப்பு நடத்தவா, சேமிப்புக்குப் போடவா?

ஆற்றோரம்:
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறேன். வாடகை உதவி, மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன், இவ்வளவுதான் எங்கள் வழக்கமான பணி. இப்போது ஒரு வங்கி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான நிதிக் கல்வி, சொத்து உருவாக்கம் என்ற தலைப்பில் மானியம் அறிவித்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் 25,000 டாலர். எட்டு வார பட்ஜெட் வகுப்பு நடத்தலாம் என்கிறது எங்கள் போர்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்களிடம் வரும் அம்மாக்களுக்கு என்னைவிட நன்றாகவே பட்ஜெட் தெரியும். எந்த பில்லை எந்தத் தேதிவரை தள்ளினால் கரன்ட்டை வெட்டமாட்டார்கள் என்பதை மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களை உட்காரவைத்து நான் என்ன சொல்லிக் கொடுப்பது? விண்ணப்பத்தில் "எதிர்பார்க்கும் விளைவுகள்" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் என்ன எழுதலாம்?

கணக்குப்பிள்ளை:
உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி. நான் ஒரு சமூக அறக்கட்டளையின் மானியத் தேர்வுக் குழுவில் உட்காருகிறவன். வரி சீசனில் வீட்டா (VITA) என்ற தன்னார்வ வரி உதவி மையத்தில் இலவசமாக ரிட்டர்ன் போட்டுத் தரும் வேலையும் உண்டு. எட்டு வார வகுப்பு என்று வரும் விண்ணப்பங்கள் எங்கள் மேசையில் குவியும். "பங்கேற்பாளர்களின் நிதி அறிவு மேம்படும்" என்று எல்லாவற்றிலும் ஒரே வரி. வகுப்புக்கு முன்னும் பின்னும் அதே வினாத்தாளைக் கொடுத்தால் யாருக்குமே மார்க் கூடத்தான் செய்யும். கையில் காசு கூடியதா என்றுதான் நான் தேடுவேன்.

2014-இல் 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று உண்டு. பணத்தை மக்கள் கையாளும் விதத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்துக்குத்தான் நிதிக் கல்வி காரணம் என்றது. குறைந்த வருமானக்காரர்களிடம் அதுவும் குறைவு. 24 மணி நேரம் பாடம் எடுத்தாலும் 20 மாதம் போனால் தாக்கம் கரைந்துவிடுகிறதாம். முடிவெடுக்கும் சமயத்தில், அந்த முடிவைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுப்பதே பலன் தரும் என்பது அவர்கள் யோசனை.

அந்தச் சமயம் வரி ரீஃபண்ட் வரும் சமயம்தான். பிள்ளைகள் உள்ள உழைக்கும் குடும்பத்துக்கு இஐடிசி (குறைந்த வருமானத்தில் உழைப்பவர்களுக்கான வரிச் சலுகை) சேர்ந்து வரும் ரீஃபண்டே பல நேரம் வருடத்தின் மிகப் பெரிய தொகை. சட்டப்படி அந்த ரீஃபண்டை பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன்னால் விடுவிக்க முடியாது. 8888 என்ற படிவத்தை இணைத்தால் தொகையை மூன்று கணக்குகள்வரை பிரித்துப் போடலாம். "கொஞ்சம் சேமிப்பில் போடலாமா?" என்று கேட்டால் பலரும் சரி என்பார்கள். அப்புறம்தான் சிக்கல். கணக்கு எண் கேட்டால் டெபிட் கார்டை நீட்டுவார்கள். கார்டில் இருப்பது கணக்கு எண் இல்லை. எந்த வங்கி என்று காட்டும் ரூட்டிங் எண்ணும் வேண்டும். போனில் பேங்க் ஆப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு மறந்திருக்கும். பல பேருக்குச் சேமிப்புக் கணக்கே கிடையாது. பின்னால் வரிசை நிற்கும், மடியில் குழந்தை அழும். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் சார்" என்று எல்லாவற்றையும் அன்றாடச் செலவுக்கான செக்கிங் கணக்கிலேயே போடச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் பேசிப் புரியவைக்க ஒரு ஆள், உடனே கணக்குத் திறந்து கொடுக்க ஒரு கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி மாதிரி) ஊழியர். உங்கள் மானியம் இதற்குப் போகட்டும்.

கூடவே மேட்ச் பணம். குடும்பம் ஒரு டாலர் போட்டால் நீங்களும் ஒரு டாலர் போடுவது. ஏழைகளுக்கு வருமான உதவி மட்டும் போதாது, சொத்து சேரவும் வழி வேண்டும் என்று சமூகப் பணிப் பேராசிரியர் மைக்கேல் ஷெராடன் 1991-இல் முன்வைத்த யோசனை இது. 1998-இல் இதற்குத் தனிச் சட்டமே வந்தது. 2017 நிதியாண்டிலிருந்து மத்திய அரசு அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. 1997-இல் தொடங்கிய பெரிய சோதனைத் திட்டத்தில் ஒருவர் மாதத்துக்கு நிகரமாகச் சேமித்தது சராசரியாக 17 டாலர் அளவுதான். அதில் ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் நடந்த பகுதியை 10 வருடம் கழித்துப் பார்த்தபோது, சொந்த வீடு வைத்திருப்பதில் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் "20 குடும்பங்கள் வீடு வாங்கும்" என்றெல்லாம் எழுதாதீர்கள். எழுதினால் நானே கோடு போட்டு ஓரம் வைத்துவிடுவேன்.

இப்படி எழுதலாம்: "40 குடும்பங்கள் தலா 250 டாலர் சேமிக்கும், நாங்கள் தலா 250 சேர்ப்போம், ஆறு மாதம் கழித்து எத்தனை குடும்பங்களிடம் குறைந்தது 300 மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்போம்." மேட்சுக்கு 10,000. பகுதிநேர ஆளுக்கு 11,000. மீதி 4,000 குழந்தை பராமரிப்பு, அச்சு, நிர்வாகச் செலவு. நிர்வாகச் செலவை ஒளித்து வைக்காதீர்கள், படிக்கிற எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. வங்கி இதைத் தர்மமாக மட்டும் தருவதில்லை. 1977-இன் சமூக மறுமுதலீட்டுச் சட்டப்படி அவர்களுக்கும் மதிப்பீடு உண்டு. பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததை அவர்கள் காட்டியாக வேண்டும். வருமானத்தை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பலரும் விட்டுவிடுகிற இடம் அது.

வகுப்பறைக்காரி:
கணக்குப்பிள்ளை சார் வகுப்பை ஒரேயடியாகக் கழற்றிவிட வேண்டாம். 2022-இல் 76 சோதனைகளை, அதுவும் குலுக்கல் முறையில் ஆள் பிரித்து நடத்தியவற்றை, சேர்த்துப் பார்த்த ஆய்வு, நிதிக் கல்விக்கு நல்ல பலன் இருக்கிறது என்றே சொல்கிறது. ஆனால் பாடம் எழுதுவதற்குக் காசு செலவழிக்காதீர்கள். வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்டிஐசி 2001-இல் தொடங்கிய மனி ஸ்மார்ட் பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் அசெட் ஃபண்ட் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் கடன் வட்டத்தையும் பாருங்கள். வட்டியில்லாத, நம்ம சீட்டுதான். ஒவ்வொருவரும் கட்டும் தவணையை கிரெடிட் பீரோவுக்குத் தெரிவித்துவிடுகிறார்கள், அதனால் கிரெடிட் ஸ்கோர் இல்லாதவர்களுக்கும் ஒன்று உருவாகிறது.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். சண்டை இல்லை. எட்டு வாரம், வார நாள் மாலை ஆறு மணி என்றால்தான் என் புகார். ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறவர் எப்படி வருவார்?

நீலப்பறவை:
யாரும் சொல்லாததால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒருவர் எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் ஊனமுள்ளவர்களுக்கும் மத்திய அரசு தரும் மாத உதவி) வாங்குகிறார். அதில் ஒருவருக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000 டாலருக்கு மேல் சேர்ந்தால் உதவி நின்றுவிடும். 1989-இலிருந்து இந்த வரம்பு மாறவே இல்லை. சேமி சேமி என்று நீங்கள் ஊக்கம் கொடுக்க, அவர்கள் மாத உதவியை இழந்துவிடக் கூடாது. சேர்க்கும்போதே "யாராவது எஸ்எஸ்ஐ வாங்குகிறீர்களா?" என்று கேளுங்கள். மத்திய வரி ரீஃபண்டை 12 மாதம்வரை கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஊனமுள்ளவர்களுக்கான ஏபிள் என்ற சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சம் டாலர்வரை எஸ்எஸ்ஐ வரம்பில் சேராது. முன்பு 26 வயதுக்குள் ஊனம் ஏற்பட்டவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. 2026 ஜனவரியிலிருந்து அது 46 ஆகியிருக்கிறது.

ஆற்றோரம்:
ரொம்ப நன்றி. எஸ்எஸ்ஐ விஷயம் எங்கள் போர்டில் யாருக்குமே தோன்றவில்லை. ஒரு சந்தேகம். மேட்ச் பணத்தை முதலிலேயே அவர்கள் கணக்கில் போட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் பெயரில் தனிக் கணக்கு ஒன்றில் வையுங்கள், இலக்கை எட்டியதும் மாற்றிக் கொடுங்கள். அதுவரை அது குடும்பத்தின் சொத்தாகப் பார்க்கப்படும் வாய்ப்பு குறைவு. 2007-இல் ஓக்லஹோமாவில் பிறந்த குழந்தைகளில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் கல்லூரிச் சேமிப்பாகப் போட்ட திட்டத்திலும் பணம் மாநிலத்தின் பெயரிலேயே இருந்தது, அரசு உதவி பாதிக்காமல் இருக்கத்தான். அங்கே கணக்கும் தானாகவே திறக்கப்பட்டதால் தேர்ந்தெடுத்த கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தது.

எழுதத் தொடங்குமுன் வங்கியின் மானியப் பிரிவுக்கு ஒரு போன் போட்டு, தனிநபர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க இந்த மானியத்தில் அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். சிலர் அதைத் தடுத்திருப்பார்கள். அப்படியென்றால் ஆள் சம்பளத்தை இந்த மானியத்தில் எடுத்துக்கொண்டு மேட்சுக்கு வேறு கொடையாளரைத் தேடுங்கள். சேரும் எல்லாரிடமும் டெபிட் கார்டோடு கணக்கு எண், ரூட்டிங் எண் எழுதிய ஒரு தாளும் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள், ஜனவரியிலேயே.