புதுப்பிப்பு: சேலத்தில் மல்டி-கன் பழகுவது எப்படி? ஏர் பிஸ்டலில் தொடங்கியாச்சு

ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் ஒரே சுற்றில் மாற்றி மாற்றிச் சுடும் மல்டி-கன் போட்டிக்கு சேலத்தில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிவிட்டு வா என்று சிலர் சொன்ன யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிதான். மூன்றுக்கு எங்கே போவது? "முதலில் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) பழகுங்க" என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் வேலை செய்தது. குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாவிட்டால் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். இப்போதைக்கு கிளப் பிஸ்டலே போதும், சொந்தமாக வாங்கவில்லை.

முதல் வகுப்பில் சுடவே விடவில்லை. குழல் எப்போதும் இலக்குப் பக்கம், குறி வைக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, கீழே வைத்தால் உள்ளே குண்டில்லை என்று காட்ட குழலில் சேஃப்டி ஃப்ளாக் செருக வேண்டும். மல்டி-கன்னிலும் முதலில் பார்ப்பது இதைத்தான், அதனால் வீண் இல்லை. ஆனால் ஏர் பிஸ்டலை ஒரு கையால்தான் சுட வேண்டும். மல்டி-கன் மாதிரி வேகமும் கிடையாது, போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம். அந்த வேறுபாடு தெரிந்தே சேருங்கள்.

எதிர்பாராதது கண்ணாடி. படிக்கும் கண்ணாடி போடும் வயது எனக்கு. குறி பார்க்க குழல் நுனியில் இருக்கும் முன் குறிமுனை மங்கலாகத் தெரிந்தது. நீட்டிய கையின் தூரத்தை அளந்து கண் டாக்டரிடம் சொன்னேன், அதற்கேற்ற பவர் எழுதிக் கொடுத்தார். அப்புறம்தான் குண்டுகள் ஓரிடத்தில் சேர ஆரம்பித்தன.

வெற்றுச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாமல் ட்ரிகர் இழுக்கும் பயிற்சியைச் சொன்னவருக்குத் தனி நன்றி. கிளப்பில் தினமும் செய்ய வைக்கிறார்கள்.