புது உபாதை வந்தால் முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள்: முதியோர் இல்ல அனுபவங்கள்

தண்டையார்பேட்டை சிஸ்டர்:

தலைசுற்றல் மருந்தான சின்னாரிசின், பார்க்கின்சன் நோய் மாதிரியே நடுக்கத்தைக் கொண்டுவரும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஆயா மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். வயது 78. தலைசுற்றலுக்கு ஸ்டூஜெரான் 25 (சின்னாரிசின்தான்), மூன்று வேளை. சீட்டில் டாக்டர் 'ஒரு வாரம்' என்று தெளிவாகவே போட்டிருந்தார். இல்லத்து மருந்துப் பதிவேட்டில் ஏற்றும்போது அந்த ஒரு வாரம் மட்டும் விட்டுப்போய்விட்டது. மாதக்கணக்கில் ஓடியது.

கை நடுங்க ஆரம்பித்தது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். வேறு இடத்தில் காட்டியதில் பார்க்கின்சன் என்று பேசிடேன் 2 மி.கி. சேர்ந்தது. அதனால் மலச்சிக்கல், அதற்கு ஒரு மாத்திரை. அடுத்து ராத்திரியில் கட்டிலுக்கு அடியில் கோழி மேய்கிறது என்று துடைப்பத்தை எடுத்து விரட்ட ஆரம்பித்தார். அதற்கு மனநல மருந்தான ரிஸ்பெரிடோன். அதுவோ நடுக்கத்தை இன்னும் கூட்டுகிற மருந்து.

ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது கவனித்தால், இரண்டு கையும் ஒரே அளவில் நடுங்குகிறது. பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் மருந்து மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். பழைய சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கிக் காட்டியதும் டாக்டருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சின்னாரிசின் நின்றது, பிறகு ரிஸ்பெரிடோன், பேசிடேனை மெதுவாகக் குறைத்தார்கள். நடுக்கம் அடங்க மாதங்கள் ஆயின. கோழி மட்டும் சீக்கிரம் போய்விட்டது.

ராயபுரம் மருந்தாளுநர்:

இங்கே அதிகம் பார்ப்பது இரட்டை மாத்திரை. ஒரு தாத்தாவுக்கு வீட்டு முகவரியில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி. மாத்திரை வருகிறது. மகன் மாதாமாதம் இல்லத்தில் கொண்டுவந்து கொடுக்கிறார். இல்லத்துக்கு வரும் தனியார் டாக்டரும் பி.பி.க்கு எழுதுகிறார். அரசு அட்டையில் அம்லோடிபின், தனியார் அட்டையில் கம்பெனி பெயர் பெரிதாக, அம்லோடிபின் பொடி எழுத்தில். இரண்டும் தினம் உள்ளே போகிறது. அம்லோடிபின் கூடியதில் கால் வீங்கியது, அதற்குச் சிறுநீரைப் பிரிக்கும் லாசிக்ஸ். ராத்திரி நாலு தடவை பாத்ரூம். விழுந்தார்.

நெற்றித் தையலோடு வந்தவருக்குப் படுக்க வைத்து பி.பி. பார்த்தால் மேல் அளவு 128. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 94. உட்கார வைத்து மட்டும் பார்க்கிற பழக்கத்தில் இது தெரியவே தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒன்றாவது நிமிடமும் மூன்றாவது நிமிடமும் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தாலோ கீழ் அளவு 10 குறைந்தாலோ டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்று, அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி டப்பாவில் போடாதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் எதில் இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

பெரம்பூர், முதியோர் நல டாக்டர்:

தண்டையார்பேட்டை சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் அதைப் படித்துவிட்டு நாளைக்கே யாரும் மாத்திரையைப் பிடுங்கிவிடக் கூடாது. எதை முதலில், எவ்வளவு மெதுவாக என்பதில்தான் உயிர் இருக்கிறது.

தூக்க மாத்திரையாக அல்ப்ராசோலம் 0.5 வருஷக்கணக்கில் போட்ட ஓர் அம்மாவுக்கு, 'விழுந்துவிடுவார்' என்று ஒரே நாளில் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் வலிப்பு. சாப்பாட்டு மேசையிலேயே. நிறுத்த நினைத்தது நியாயம், நிறுத்திய விதம் தப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது, கடைசிப் பகுதியில் அதைவிட மெதுவாக. தூக்கம் கெட்டால் அதே அளவில் இன்னும் இரண்டு வாரம் நில்லுங்கள். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், ஸ்டீராய்டான பிரட்னிசோலோன், பார்க்கின்சனுக்கான லெவோடோபா இவற்றையும் தொடர்ந்து எடுப்பவருக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தீர்ந்துபோய் இரண்டு நாள் கொடுக்காமல் விட்டாலும் நிறுத்தியதுதான். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்னால் இருப்பைப் பாருங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சிறுநீரகத்தைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லேப் ரிப்போர்ட்டில் 1.0, பக்கத்தில் 'நார்மல்'. அதைப் பார்த்து வாலிபருக்குக் கொடுக்கிற அளவையே எழுதுகிறார்கள். கணக்குப் போடுங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியாட்டினினால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 85 வயது, 40 கிலோ ஆயாவுக்கு 55 பெருக்கல் 40, வகுத்தல் 72, பெருக்கல் 0.85. வருவது 26. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதன் மதிப்பு இது. சதை வற்றிய உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு, அதனால்தான் ரிப்போர்ட் நல்லதாகத் தெரிகிறது.

26 என்றால் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் கூடாது. வலி மாத்திரை டைக்ளோஃபினாக் கூடவே கூடாது, அதிலும் பி.பி.க்கு டெல்மிசார்டனும் லாசிக்ஸும் ஓடுகிறவருக்கு அது மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும். நரம்பு எரிச்சலுக்கு பிரிகாபலின் எழுதினால் நாளுக்கு 150 மி.கி. உச்சம், தொடங்குவது அதைவிடக் குறைவாக. இதய மருந்தான டிகாக்சின் 0.25 முழு மாத்திரை இவருக்கு அதிகம். அதை எடுப்பவர் சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினால் வயசுக் கோளாறு என்று விடாமல் நாடியைப் பிடியுங்கள். சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் தங்கி விடியற்காலையில் சர்க்கரையை இறக்கிவிடும். இவருக்கு அது வேண்டவே வேண்டாம். எடை இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை. எத்தனை இல்லத்தில் எடை மிஷின் இருக்கிறது? கத்திரி வெயிலில் தண்ணீர் குடிப்பது குறைந்து பேதியும் சேர்ந்தால், பழைய ரிப்போர்ட்டை நம்பாமல் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும் புதிதாக எடுக்க வேண்டும்.

திருவொற்றியூர் பராமரிப்பாளர்:

டாக்டர் சொன்ன கணக்கெல்லாம் சரிங்க. எங்கள் பக்கத்துச் சங்கடம் வேறு, விழுங்க முடியாதவர்கள். ஓர் இல்லத்தில் காலை மாத்திரை எல்லாவற்றையும் சின்ன உரலில் போட்டு இடித்து வாழைப்பழத்தில் பிசைந்து கொடுப்பார்கள். ஒருவருக்கு இடித்ததைத் துடைக்காமல் அடுத்தவருக்கு. அதில் ஒன்று, நாடியைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். 50. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கியது. தாத்தாவின் நாடி 44. வெளிறிப்போய், உடம்பெல்லாம் வியர்வை.

அட்டையில் எக்ஸ்.எல்., எஸ்.ஆர்., சி.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரைகிற மாத்திரை, இடிக்காதீர்கள். வயிற்று எரிச்சலுக்கான பான்டோபிரசோலின் மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே அதைத் தின்றுவிடும். விழுங்க முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் சாதாரண மாத்திரையாகவோ சிரப்பாகவோ மாற்றித் தருவார். அது நம் வாயிலிருந்து வந்தால்தானே அவருக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டை சிஸ்டர்:

பெரம்பூர் டாக்டருக்கு: நாங்களாக நிறுத்தவில்லை, வரிசை போட்டது டாக்டர்தான், மேலேயே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் சேர்க்கிறேன். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5, வாரம் ஒருமுறை. டிஸ்சார்ஜ் சீட்டு கைமாறியதில் தினமும் என்று ஆகிவிட்டது. வாயெல்லாம் புண். ஜெல் தடவிக்கொண்டே இருந்தார்கள். ரத்தம் எடுத்தபோது வெள்ளணு சரிந்திருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரி, ஃபோலினிக் அமில ஊசி. பிழைத்துக்கொண்டார். இந்த ஒரு மாத்திரைக்குப் பதிவேட்டில் கிழமையைச் சிவப்பு மையில் எழுதி, மீதி ஆறு நாள் கட்டத்தையும் குறுக்கே அடித்துவிடுங்கள். அட்டை தினசரி டப்பாவில் இருக்கவே கூடாது, தனியாகப் பூட்டி வையுங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டருக்கு போன் போட்டுவிடுங்கள்.