உதவி தேவை: தொங்கு விளக்கின் கண்ணாடி சரிந்து நிற்கிறது, ரீகால் ஆன மாடலாம்

மாலதி_ஆர்
அவசரம். சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கின் கண்ணாடிக் கூடு ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. இதே மாதிரி விளக்கைக் கம்பெனியே ரீகால் செய்து, அதாவது திரும்பக் கேட்டு, அறிவித்திருப்பதாகத் தோழி படம் அனுப்பினாள். கடையில் கேட்டால் பில் கொண்டுவா என்கிறார்கள். பில் இல்லை. நானே கழற்றலாமா? பணம் கிடைக்குமா? பையன் அந்த மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான்.

சேகர்_கோவை
எந்தக் கம்பெனி? மாடல் நம்பர் என்ன? ஒற்றை விளக்கா, மூன்று சேர்ந்ததா? ஒரு போட்டோ போடுங்கள்.

வயர்மேன்_மணி
மேடம், பெரிய வாட்ஸ் பல்ப் போட்டிருப்பீர்கள். சூட்டில் ஹோல்டரின் பிளாஸ்டிக் வளையம் இளகி, கண்ணாடி இறங்கிவிடும். நான் பார்த்ததில் பெரும்பாலும் இதுதான். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். சிவப்புதான் பேஸ், கருப்பு நியூட்ரல்.

நல்லசிவம்
ஊர், மாடல், வாங்கிய காலம். இந்த மூன்றும் இல்லாமல் கேள்வி போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? டாக்டரிடம் போய் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருவீர்களா? சரி, கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். எல்.இ.டி. விளக்கென்றால் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

கார்த்தி_டல்லஸ்
நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? அதைச் சொல்லும்வரை எந்தக் கம்பியையும் தொடாதீர்கள்.

மாலதி_ஆர்
நியூ ஜெர்சி. வீடு வாங்கும்போதே விளக்கு இருந்தது, அதனால்தான் பில் இல்லை. இப்போது போட்டிருப்பது 9 வாட்ஸ் எல்.இ.டி. மாடல் நம்பர் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை.

கார்த்தி_டல்லஸ்
அப்படியென்றால் மணி அண்ணன் சொன்ன கலர் கணக்கை அடியோடு மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் கருப்புக் கம்பியில்தான் கரண்ட் வரும். வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது வெறும் செம்பு எர்த். பழைய வீடுகளில் ஸ்விட்சுக்குப் போகும் வெள்ளையிலும் கரண்ட் இருக்கலாம். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிரேக்கரை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

முதலில் மேசையை நகர்த்தி, பையனை வேறு இடத்தில் உட்கார வையுங்கள். ஒருவர் கண்ணாடியைக் கீழிருந்து தாங்கிக்கொள்ள, இன்னொருவர் அதை மட்டும் கழற்றி இறக்கலாம். அதற்குக் கம்பியைத் தொட வேண்டியதில்லை. அப்புறம் கூரையை ஒட்டி வட்டமாக ஒரு மூடி இருக்கும். பெரும்பாலும் அதன் உட்பக்க ஸ்டிக்கரில் மாடல் நம்பரும் தயாரித்த தேதியும் இருக்கும். மூடியை இறக்கத் தயக்கமாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரீகால் விஷயத்தில் தேதிதான் முக்கியம். உதாரணத்துக்கு, 2019இல் ஐக்கியா கம்பெனி கலிப்ஸோ என்ற சீலிங் விளக்கைத் திரும்பப் பெற்றது. அதிலும் கண்ணாடி கழன்று விழும் என்பதுதான் புகார். ஆனால் எல்லா கலிப்ஸோவும் அந்தப் பட்டியலில் இல்லை. 1625 முதல் 1744 வரை முத்திரை உள்ளவை மட்டும்தான். முதல் இரண்டு எண் ஆண்டு, அடுத்த இரண்டு எண் வாரம். படத்தைப் பார்த்து ‘இதே மாதிரி’ என்று முடிவு செய்ய முடியாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமான சி.பி.எஸ்.சி.யின் தளத்தில் உங்கள் விளக்குக்கான அறிவிப்பைத் தேடி எடுத்து ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். என்ன நிவாரணம், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

வயர்மேன்_மணி
கலர் விஷயம் சரி தம்பி, ஊர் தெரியாமல் சொல்லிவிட்டேன். ஆனால் இந்த விளக்கையெல்லாம் ஃபேன் கொக்கியில் மாட்டினால் பிரச்சினையே வராது.

கார்த்தி_டல்லஸ்
இங்கே கான்கிரீட் கூரை கிடையாது அண்ணா. மரச்சட்டமும் ஜிப்சம் போர்டும்தான். விளக்கு மாட்டும் பெட்டி 50 பவுண்டு வரை தாங்கும், அதற்கு மேல் என்றால் அந்த எடைக்கென்றே செய்த பெட்டி வேண்டும்.

நல்லசிவம்
சென்னையிலும் இப்போது எல்லா ஃப்ளாட்டிலும் ஃபால்ஸ் சீலிங்தான். போர்டிலேயே திருகு அடித்து சாண்டிலியர் மாட்டுகிறார்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வயர்மேன்_மணி
போர்டில் மாட்டுகிறவன் எலக்ட்ரீஷியனே இல்லை சார். மேலே கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்து, ராடு இறக்கித்தான் மாட்ட வேண்டும். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நல்லசிவம்
நான் உங்களைச் சொல்லவில்லை. பொதுவாக நடப்பதைச் சொன்னேன்.

சேகர்_கோவை
இரண்டு பேரும் தனி இழையில் பேசிக்கொள்ளுங்கள். மாலதி அக்கா, என்ன ஆயிற்று?

மாலதி_ஆர்
எலக்ட்ரீஷியன் வந்து இறக்கிவிட்டார். ஸ்டிக்கர் மூடிக்குள் இருந்தது. தோழி அனுப்பிய படத்தில் இருந்த அதே மாடல்தான், ஆனால் தேதி ரீகால் பட்டியலுக்கு முந்தையது. கண்ணாடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் வளையம் பழுப்பேறி, முடி மாதிரி ஒரு விரிசல். எங்களுக்குப் பணம் கிடைக்காது போல. எல்லாருக்கும் நன்றி.

வயர்மேன்_மணி
பழுப்பு என்றால் சூடுதான். முன்பு குடியிருந்தவர் பழைய குண்டு பல்ப் போட்டிருப்பார். ஹோல்டரில் அதிகபட்ச வாட்ஸ் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், பாருங்கள்.

கார்த்தி_டல்லஸ்
அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் இதை இப்படியே விடாதீர்கள் அக்கா. பட்டியலில் தேதி இல்லை என்பதால் அந்த வளையம் நல்ல வளையம் ஆகிவிடாது. சி.பி.எஸ்.சி.யின் சேஃபர்பிராடக்ட்ஸ் என்ற புகார் தளத்தில் ஸ்டிக்கர், விரிசல் இரண்டின் படத்தையும் போட்டுப் புகார் கொடுங்கள். அது கம்பெனிக்கும் போகும். ஆபத்தான குறை இருப்பதாகத் தெரிந்தால் கம்பெனி 24 மணி நேரத்துக்குள் சி.பி.எஸ்.சி.க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். இப்படிப்பட்ட புகார்கள் சேர்ந்துதான் பட்டியலில் புதிய தேதிகள் ஏறுகின்றன. விளக்கை யாருக்கும் இலவசமாகக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். வளையத்தைத் தூக்கிப்போடாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள், கேட்பார்கள்.

சுதா_பிளெயின்ஸ்பரோ
மாலதி, அது எந்த மாடல் என்று சொல்லுங்களேன். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் பழுப்பு வளையத்தோடு மூன்று விளக்குகள் தொங்குகின்றன. பிரேக்கரை இறக்கிவிட்டுக் காத்திருக்கிறேன்.