அன்னதான வரிசையில் பசி எது, பேராசை எது?

டர்பன்வாசி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் கோயிலில் சுமார் 300 பேருக்குச் சாப்பாடு. சோறு, பருப்பு, பூசணிக்காய், சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) கறி, பாயசம். சிலர் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா மூன்று, நான்கு கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வரிசையின் கடைசி நாற்பது பேர் வரும்போது சட்டி காலி. பேராசையைத் தடுக்க வேண்டும், பசித்தவரை அவமானப்படுத்தவும் கூடாது. ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுக்கலாமா?

சமையல்கட்டு:
டோக்கன் வேண்டாம் அண்ணா. அதை வாங்கவே ஒரு தள்ளுமுள்ளு வரும், கூச்சப்படுகிறவர்தான் முதலில் விலகிப் போவார். கணக்கைப் பாருங்கள்.

ஆளுக்கு 100 கிராம் அரிசி, ஆக 30 கிலோ. வெந்தால் ஓர் இலைக்கு 250 முதல் 300 கிராம் சோறு வரும். துவரம்பருப்பு 9 கிலோ. சுகர் பீன்ஸ் 12 கிலோ, முந்தின ராத்திரியே ஊறியிருக்க வேண்டும். 2 லிட்டர் டப்பா ஒன்றில் ஒன்றரைக் கிலோ சோறு பிடிக்கும், அதாவது ஐந்து இலை. மூன்று பேர் ஆளுக்கு மூன்று டப்பா நிரப்பினால் 45 இலை போயிற்று. உங்கள் கடைசி நாற்பது பேரின் சாப்பாடு அங்கேதான் போயிற்று. கூட்டம் முழுக்கப் பேராசை என்று நினைக்க வேண்டாம், மூன்று பேர் போதும்.

பரிமாறும்போதே பூட்டு போடலாம். தொடங்கும் முன்பே ஒவ்வொரு பதார்த்தத்தையும் மூன்று சட்டியாகப் பிரித்து, மூன்றாவது சட்டியை 200 இலை போட்ட பிறகு மட்டும் திறங்கள். கறிக்கு எல்லோர் கையிலும் ஒரே அளவுக் கரண்டி, 125 மில்லி. ஆளாளுக்கு வேறு கரண்டி இருந்தால் முதல் பந்தி ஏப்பம் விடும், கடைசிப் பந்தி ஏங்கும். முதலில் அளவாகப் போட்டு, மறுசோறு கேட்டால் முகம் சுளிக்காமல் போடுங்கள். டப்பா மேசையைத் தனியே வைத்து, கடைசிப் பந்தி உட்கார்ந்த பிறகு திறங்கள்.

உணவியல்:
அக்கா சொன்ன மறுசோறு முக்கியம். வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்லும். சாப்பிட்டால் அது இறங்கும். ஆனால் வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடம் ஆகும். அவசரமாகச் சாப்பிட்டு ‘இன்னும் கொஞ்சம்’ என்பவரைப் பேராசைக்காரர் என்று நினைக்கக் கூடாது.

பசி எதையும் ஏற்கும், வெறும் சோறும் மோரும் போதும். ஆசை ஒரு பண்டத்தைத் தேடும், பாயசம் மட்டும் இரண்டு கப் கேட்கும். பேராசைக்கு வயிறே கிடையாது, அது அடுத்தவர் பங்கின்மேல் கை வைப்பது. எவ்வளவு தின்றாலும் தீராத பசியை நம் பழைய தமிழ் ‘யானைத்தீ’ என்று சொன்னது. அதைக்கூட நோயாகத்தான் பார்த்தார்கள், குணக்கேடாக அல்ல.

ஒரு எச்சரிக்கை. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாமல் ஒருவர் வந்தால் இலை நிறையப் போடாதீர்கள். திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். நீர்த்த கஞ்சி கொஞ்சம் கொடுத்து, கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

கூழ்ப்பானை:
டப்பாவைக் கண்டதும் பேராசை என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. புரட்டாசி எப்போது வருகிறது? செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. வசந்தகாலப் பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் விழுகிறது. 1994-ல் தொடங்கிய தேசியப் பள்ளி உணவுத் திட்டத்தில் பள்ளி நாளில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அந்த விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் அந்தத் தட்டு இல்லை. வேலையில்லாதவருக்கு 2020-ல் வந்த நிவாரண உதவி மாதம் 350 ராண்ட், 2024-ல் 370. ஒரு மாதச் சாப்பாட்டுக்கு அது எந்த மூலைக்கு? மூன்று டப்பாவுக்குப் பின்னால் வீட்டில் ஐந்து வயிறு இருக்கலாம்.

அதனால் ‘ஏன் இத்தனை’ என்று கேட்காதீர்கள், ‘வீட்டில் எத்தனை பேர்’ என்று கேளுங்கள். தலைக்கு அரை லிட்டர் போடுங்கள். சொன்ன எண்ணை நம்புங்கள். ஓரிருவர் பொய் சொல்லலாம், அதற்காக எல்லோரையும் சோதிப்பது பெரிய தவறு. சாப்பாடு தீர்ந்துபோகும் என்ற பயம்தான் பாதிக் கைகளை நீள வைக்கிறது. ‘கடைசி ஆள் வரை இருக்கிறது’ என்று ஒலிபெருக்கியில் சொல்லி, சொன்னபடி செய்தால் இரண்டே வாரத்தில் தள்ளுமுள்ளு குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிர்வாகிகள் வீட்டுக்கென்று பந்திக்கு முன்பே எடுத்து மூடிவைக்கும் சட்டியை முதலில் நிறுத்துங்கள். வரிசையில் நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

டர்பன்வாசி:
நன்றி. கடைசிச் சட்டியும் தலைக்கணக்கும் இந்தச் சனிக்கிழமையே செய்கிறோம். மூடிவைக்கும் சட்டியைப் பற்றி நிர்வாகக் கூட்டத்தில் பேசுகிறேன். டப்பாச் சோறு மாலைக்குள் கெட்டுவிடுமா?

உணவியல்:
கெடும். டர்பன் புழுக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஆறிய சோற்றில் பாசில்லஸ் என்ற கிருமி பெருகி நஞ்சு சேர்க்கும், திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கொடுக்கும்வரை சட்டியை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருங்கள். வாங்கிப் போகிறவரிடம், உடனே சாப்பிடவில்லையென்றால் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடா? சமைத்த சோற்றைக் குறைத்து, ஒரு கிலோ அரிசியும் அரைக் கிலோ பருப்பும் பையில் கொடுத்துவிடுங்கள்.