புதுப்பிப்பு: வீடு வாங்குவோருக்கான பகுதிப் பக்கங்கள் தேடலில் வரத் தொடங்கிவிட்டன

வீடு வாங்குவோருக்காக ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் எங்கள் இணையதளத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எழுதிய 30 பக்கங்களும் கூகுளில் ஏன் தெரியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி. அவற்றை நீக்கிவிட்டு, நேரில் நடந்து பார்த்ததை மட்டும் எழுதச் சொன்ன யோசனையே பலித்தது. நான்கு பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகிறது, மழைக்குப் பின் எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது, இரவில் எந்த முனை இருட்டாக இருக்கிறது என்பவற்றைப் படத்துடனும் பார்த்த தேதியுடனும் எழுதினேன். பழைய பக்க முகவரிகளில் பொருந்துபவற்றை 301 வழிமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) செய்தேன். ஆறு வாரங்களில், கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் கிளிக்குகள் தென்பட்டன. எதிர்பாராதது, தண்ணீர் தேங்குவதைச் சொன்ன பக்கத்திலிருந்தே வீடு வாங்குவோரின் விசாரணைகள் அதிகம் வந்தன. அந்த வரியை எடுத்துவிடச் சொன்ன பங்குதாரர் இப்போது அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.