3க = 15 என்றால் க = 12 என்கிறான், எப்படிப் புரிய வைப்பது?

திருமங்கலம் அக்கா:
தம்பி எட்டாவது, தமிழ் மீடியம். வீட்டுல நான்தான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். 5க − 7 = 2க + 8 கணக்குல 3க = 15 வரைக்கும் சரியா வந்துட்டான் (எக்ஸுக்குப் பதிலா க போட்டிருக்கேன்). அடுத்த வரியில க = 15 − 3 = 12. ஏன்டான்னா, "அங்கிட்டு போனா குறி மாறும்ல, ப்ளஸ் 3 மைனஸ் 3 ஆயிருச்சு"ங்கிறான். பெருக்கல் வகுத்தலாகும்னு சொன்னா அன்னைக்கு மட்டும் சரியாப் போடுறான், மறுநாள் பழையபடி.

வாத்தியார், உசிலம்பட்டி:
பையன் விதியை நல்லாத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கான்மா. அது எதனால வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியல. "அங்கிட்டு போனா குறி மாறும்"ங்கிறதைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுல சொல்லாதீங்க. எந்த எண்ணும் எங்கிட்டும் போறதில்ல. ரெண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்யிறோம்.

5க − 7 = 2க + 8
ரெண்டு பக்கமும் 7 கூட்டு: 5க = 2க + 15
ரெண்டு பக்கமும் 2க கழி: 3க = 15
ரெண்டு பக்கமும் 3ஆல் வகு: க = 5

கூட்டு, கழி, வகுன்னு அவன் கையாலயே எழுதணும். வரி கூடுதேன்னு பாக்காதீங்க.

3க-ன்னு ஒட்டி எழுதுறதால நடுவுல இருக்குற பெருக்கல் பிள்ளைக கண்ணுக்குத் தெரியிறதில்ல. காசுக் கணக்காக் கேளுங்க: 3 முழம் மல்லிகை, 15 ரூபாய்க்குச் சூடம், மொத்தம் 90. ஒரு முழம் என்ன விலை? மனசுக்குள்ளயே போட்டு 25ம்பான். உடனே 3க + 15 = 90ன்னு எழுதிக் காட்டுங்க. மூணு முழம் 75 ரூபாய்னா ஒரு முழம் 72 ரூபாயான்னு கேளுங்க, அவனே சண்டைக்கு வருவான்.

மேலூர்க்காரன்:
பரீட்சையில அத்தனை வரி எழுத நேரம் பத்தாது சார். பக்கம் மாத்துறதுதான் வேகம்.

வாத்தியார், உசிலம்பட்டி:
வேகம் வேணும்தான் தம்பி. புரிஞ்ச பிள்ளை தானா வரியைக் குறைச்சுக்கும், என்கிட்ட படிக்கிறதுக அப்படித்தான் செய்யுதுக. ஆனா கடைசியில விடையை முதல் வரியில போட்டுப் பாக்குறதை மட்டும் விடக் கூடாது. 5 போட்டா ரெண்டு பக்கமும் 18. 12 போட்டா ஒரு பக்கம் 53, மறு பக்கம் 32. தப்புன்னு அக்கா சொல்ல வேண்டியதே இல்ல.

திருமங்கலம் அக்கா:
பூக் கணக்கை டக்குன்னு பிடிச்சுக்கிட்டான் சார், ரொம்ப நன்றி. இப்ப 10 − 2(க − 3) = 4ஐ 10 − 2க − 6 = 4ன்னு பிரிக்கிறான்.

வாத்தியார், உசிலம்பட்டி:
−2ஐ மைனஸோட சேத்து வட்டம் போடச் சொல்லுங்க. அதுலருந்து க-வுக்கு ஒரு அம்பு, −3க்கு ஒரு அம்பு. −2ஐ −3ஆல பெருக்கினா +6. அப்ப 16 − 2க = 4, க = 6.

பிரிக்காமலும் போடலாம். ரெண்டு பக்கமும் 10 கழிச்சா −2(க − 3) = −6. −2ஆல வகுத்தா க − 3 = 3. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ரெண்டு வழியிலயும் போட வச்சு, ஒரே விடை வருதான்னு அவனையே பாக்கச் சொல்லுங்க.