நார்ஸ் தெய்வங்களை, அதாவது வைக்கிங் மக்கள் வணங்கிய பழைய வட ஐரோப்பியத் தெய்வங்களை, நீங்கள் எங்கே கண்டீர்கள்?

இங்கிலாந்து, கம்பிரியாவிலிருந்து:

சீஸ்கேல் ரயில் நிலையத்தில் இறங்கி காஸ்ஃபோர்த் ஊருக்கு நடந்தே போனேன். அங்கே செயின்ட் மேரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. செந்நிற மணற்கல். உயரம் சுமார் 4.4 மீட்டர், ஆனால் அத்தனை ஒல்லி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கடற்காற்றில் நிற்கிறது என்று நம்பவே முடியவில்லை. பத்தாம் நூற்றாண்டில், இப்பகுதியில் குடியேறிய வைக்கிங் மக்களின் காலத்தில் செதுக்கியது. ஒரு பக்கம் சிலுவையில் இயேசு. அதே பக்கத்தில் ஓநாயின் வாயைக் காலால் மிதித்துப் பிளக்கும் விதார், தெய்வங்களின் தலைவன் ஓடினின் மகன். புதிய கடவுள் வந்த பிறகும் பழைய தெய்வங்களை வழியனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

நான் தேடிப் போனது மேற்குப் பக்கத்தை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. மழை தின்ற கல்தானே. பிற்பகல் வெயில் சாய்வாக விழுந்தபோது கோடுகள் மெல்ல எழுந்து வந்தன. கட்டுண்டு கிடக்கும் லோகி. அவனருகில் நீண்ட கூந்தலோடு ஒரு பெண், கையில் கிண்ணம். அவன் மனைவி சிகுன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடினின் இன்னொரு மகனான பால்டரின் சாவுக்குக் காரணமான லோகியைத் தெய்வங்கள் பாறையில் கட்டிப்போட்டார்கள். கயிறு, அவன் பெற்ற மகனின் குடல். ஸ்காடி என்பவள் அவன் முகத்துக்கு நேர் மேலே ஒரு பாம்பைக் கட்டித் தொங்கவிட்டாள். சொட்டும் நஞ்சைச் சிகுன் கிண்ணத்தில் ஏந்துகிறாள். கிண்ணம் நிரம்பினால் கொட்டிவிட்டு வரத்தானே வேண்டும்? அந்தச் சிறு இடைவெளியில் நஞ்சு அவன் முகத்தில் விழும். அவன் துடிக்கிற துடிப்பில் பூமி அதிரும். நிலநடுக்கத்துக்கு அவர்கள் சொன்ன காரணம் அதுதான்.

என் அம்மாவின் கடைசி ஏழு மாதங்கள் நான்தான் உடனிருந்தேன். வாந்திக்குக் கிண்ணம் பிடித்துக்கொண்டே இருப்பேன். அதைக் கொட்டிக் கழுவக் குளியலறைக்குப் போகிற இரண்டு நிமிடத்தில்தான் அவருக்கு அடுத்தது வரும். குழாயைத் திறந்துவைத்த நிலையில் அவர் குரல் கேட்கும். லோகி செய்த குற்றத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லின் முன்னால் எனக்கு அவன் கண்ணில் படவே இல்லை. கடைசி பஸ் நேரம்வரை சிகுனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து:

சகோதரி, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நான் கண்டது ரெய்க்யாவிக்கில், ஐஸ்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் போன முதல் நீண்ட பயணம் அது. கண்ணாடிக்குள் 6.7 சென்டிமீட்டர் வெண்கல உருவம். ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உட்கார்ந்தபடி இரு கைகளாலும் சுத்தியலைப் பிடித்திருக்கிறார். தோர் என்று பலர் சொல்கிறார்கள். விளையாட்டுக் காய் என்போரும் உண்டு. எனக்குத் தோர்தான். இடி முழக்கும் தெய்வம் என் சுண்டுவிரல் உயரத்தில், கண்ணை அகல விழித்துக்கொண்டு!

அவர் ஒருமுறை ஒரு கிழவியோடு மல்யுத்தம் செய்தார். எவ்வளவு முயன்றும் அவளை அசைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு முழங்கால் தரையில் பட்டுவிட்டது. அவள் பெயர் எல்லி, அதாவது முதுமை என்பது மறுநாள்தான் அவருக்குத் தெரியவந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் இதை எழுதிவைத்திராவிட்டால் நமக்குக் கிடைத்தே இருக்காது. ஒரு முழங்காலோடு நிறுத்திக்கொண்டாளே என்று நான் இன்றும் வியக்கிறேன்.

நோர்வே, ஒஸ்லோவிலிருந்து:

எனக்கு அவர்களைக் காட்டியது ஓர் எட்டு வயதுப் பிள்ளை. வார இறுதித் தமிழ் வகுப்பில் கிழமைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "ரீச்சர், தூர்ஸ்டாக் தோரின் நாள். வியாழன் யாருடைய நாள்?" என்று கேட்டாள். தூர்ஸ்டாக் என்பது நோர்வே மொழியில் வியாழக்கிழமை.

அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். ரோமரின் கோள்நாட்களை வடக்கு மக்கள் எடுத்துக்கொண்டபோது, அந்தந்தத் தெய்வத்தின் இடத்தில் தங்களுடையவரை வைத்தார்கள். செவ்வாய்க்குத் தீர், ஓநாயின் வாயில் கையை இழந்தவர். புதனுக்கு ஓடின். வியாழனுக்குத் தோர். வெள்ளிக்கு ஃப்ரிக், பால்டரின் தாய். நம் கிழமைகளும் அதே கோள் வரிசைதான்.

சனிக்கு மட்டும் அவர்கள் எந்தத் தெய்வத்தையும் வைக்கவில்லை. நோர்வே மொழியில் சனிக்கிழமைக்குப் பெயர் லோர்டாக், அதாவது குளிக்கும் நாள். பழைய நோர்ஸ் மொழியில் லௌகர்டாகர். அடுத்த வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஔவையின் "சனி நீராடு" என்ற வரியை எழுதினேன். அந்தப் பிள்ளை இரண்டையும் மாறி மாறி உரக்க வாசித்தாள்.